பச்சை வாய்

ஊதா வெளுத்தால் அது சத்துள்ள காய். வெளுக்காமல் கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே நின்றால் சும்மா தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்த காய். இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷமாகப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மொத்த விலைக் காய்கறிச் சந்தைக்குப் பின்னால், ஐஸ் கிடங்கையும் லாரிகள் நிற்கும் மைதானத்தையும் தாண்டினால் ஒரு பழைய மாடிக் கட்டடம். அதுதான் பரிசோதனைக்கூடம். கப்பலில் காய் ஏற்றுகிறவர்கள், கடைவாசலில் ‘இயற்கை’ என்று பலகை மாட்டியிருக்கிறவர்கள், பிள்ளைகளுக்குச் சத்துமாவு விற்கிறவர்கள் எல்லோரும் பை பையாகக் கொண்டுவந்து கீழ் ஜன்னலில் நீட்டிவிட்டுப் போவார்கள். மாடியில் எதிரெதிராக இரண்டு அறை. இடது கைப் பக்கம் அவளுடையது. கீரையை அலசி, ஈரம் ஒற்றி, எடைபோட்டு, சாராய நெடி அடிக்கும் திரவத்தில் அரைத்து, சுழலவிட்டுத் தெளியவைத்து, அந்தச் சாற்றை ஊதாக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவாள். அப்புறம் இருட்டுப் பெட்டிக்குள் மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். திறந்தால், நல்ல கீரையாக இருந்தால் ஊதா போய் மஞ்சள் நின்றிருக்கும். உடம்பைக் கெடுக்கிற வஸ்துகளை இந்தச் சத்து இப்படித்தான் அடக்கும் என்று அர்த்தம். எவ்வளவு வெளுத்தது என்று ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கிற பெட்டி எண்ணாகச் சொல்லிவிடும். எந்நேரமும் விரல் நுனியில் ஊதாக் கறை இருந்ததால் அங்கே அவளுக்கு ‘ஊதா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும்.

எதிர் அறை ஆசிட் அக்காவினுடையது. காயை உலர்த்திப் பொடித்து, ஆசிட்டில் போட்டு, காய் என்று ஒன்று இருந்ததே தெரியாதபடி கரைத்து, அந்தத் தெளிநீரில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. இரும்பு, துத்தநாகம் என்று உடம்புக்கு வேண்டியதையும் பார்ப்பாள், ஈயம், காட்மியம் என்று வேண்டாததையும் பார்ப்பாள். அவளிடம் ஓட்டை விழாத உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. வளையல் போட்டுக்கொண்டு யாராவது உள்ளே காலை வைத்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கத்திகூட இரும்பில் ஆகாது, பீங்கான் கத்திதான்.

அவள் ஒவ்வொரு முறை சாம்பிள் கரைக்கும்போதும் கூடவே ஒரு குழாயில் ஒன்றுமே போடாமல் வெறும் ஆசிட்டை மட்டும் ஊற்றி வைப்பாள். பிளாங்க் என்று பெயர். மற்றக் குழாய்கள் கொதித்தால் அதுவும் கொதிக்கும், ஆறினால் ஆறும், வடிகட்டினால் அதையும் வடிகட்ட வேண்டும். கடைசியில் மிஷினுக்குள்ளும் போய் வரவேண்டும். அதில் ஏதாவது தெரிந்தால் அது காயில் இருந்ததல்ல, நம் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் வந்த அழுக்கு.

“பாவம்டி இது. வயித்துல ஒண்ணுமில்ல, ஒரு தப்பும் பண்ணல. ஆனா எல்லாரும் வாங்குற உதையை இதுவும் வாங்கணும்” என்று அக்கா அதைத் தட்டிக்கொடுப்பாள்.

ஊதாவின் அறைக்கும் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வேலையைத் தொடங்குமுன் குணம் தெரிந்த ஒரு சரக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது எப்போதும்போல வெளுத்தால் கரைசல் சரியாக இருக்கிறது, வேலையை ஆரம்பிக்கலாம். அதற்கென்று விலைக்கு வாங்கிய பொடி ஒன்று தீர்ந்துபோன சமயத்தில் அவள் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பிடி கீரையைக் கொண்டுவந்தாள். அது வெளுத்த வேகத்தைப் பார்த்து மேலாளரே எழுந்து வந்துவிட்டார். கப்பல் காய், கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்த காய் எதுவும் அதன் பக்கத்தில்கூட நிற்கவில்லை. பொடி வந்த பிறகும் கீரை நிற்கவில்லை. தினம் ஒரு பிடி பையில் வரும். பார்வையாளர்கள் வந்தால் மேலாளர் அவளைக் கூப்பிட்டு, “நம்ம ஊதா வீட்டுக் கீரையைக் காட்டும்மா” என்பார். அவளும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டு ஒரே பாட்டைப் பாடுவாள்.

“சொகுசா வளர்ந்த செடியில ஒண்ணும் இருக்காதுங்க. வெயிலு, பூச்சி, மண்ணுல தொந்தரவுன்னு கஷ்டப்படுற செடிதான் தன்னைக் காப்பாத்திக்க இந்தச் சத்தை உண்டாக்கும். கஷ்டப்பட்டதுலதான் சரக்கு.”

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் கீரை ஒரு நாள்கூட எதிர் அறைக்குப் போனதில்லை. பத்தடி தூரம்தான். சொந்த வீட்டுக் கீரையில் விஷம் இருக்கிறதா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

வீட்டில் அவள், அவள் புருஷன், மாமனார், நான்கு வயதுப் பெண் குழந்தை. புருஷன் வயரிங் வேலை செய்கிறவன். மாமனார் பேட்டரிக் கடையில் உழைத்து ஓய்ந்தவர், இப்போது கொல்லையே கதி என்று இருந்தார். குழந்தையைக் குட்டி என்பார்கள்.

குட்டிக்கு முதலில் கீரை பிடிக்காது, துப்பிவிடும். ஊதா விடவில்லை. பச்சை வாய், வெள்ளை வாய் என்று ஒரு விளையாட்டைக் கட்டினாள். முதலில் பச்சைக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி கீரை, அது பச்சை வாய். அதை விழுங்கினால்தான் சோறு, அது வெள்ளை வாய். ஒன்று மாற்றி ஒன்று. “நல்லாருக்கா?” என்று கேட்பாள், குட்டி தலையை ஆட்டவேண்டும். கொஞ்ச நாளில் குட்டியே விரலை நீட்டிக்கொண்டு “பச்ச வாய்!” என்று அதட்டும்படி ஆனது. தெருவில் மற்றப் பிள்ளைகள் கீரையைக் கண்டால் ஓட, தன் பிள்ளை கேட்டு வாங்கித் தின்கிறது என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்புறம் குட்டிக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது. முகம் வெளிறியது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே தரையில் படுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்கு வருவதுதானே என்று கை வைத்தியம் பார்த்தார்கள். பேச்சு குறைந்தபோதுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னல் என்று அழகாகச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை இப்போது விரலை மட்டும் காட்டியது. மின்விசிறி ‘சுத்து’ ஆனது, அப்புறம் அதுவும் போய் வெறும் கையைச் சுழற்றியது. வீட்டிலிருந்து யாரோ பொருளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிற மாதிரி வார்த்தைகள் போய்க்கொண்டிருந்தன.

பிள்ளை டாக்டர் ரத்தம் எடுத்தார். இரண்டாம் முறை போனபோது கதவைச் சாத்தச் சொன்னார்.

“ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. இருக்கக்கூடாத அளவுல இருக்கு. வீட்ல பழைய பெயின்ட் உரியுதா?”

“இல்ல டாக்டர்.”

“தண்ணிக் குழாய்?”

“பிளாஸ்டிக்தான்.”

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

சொன்னாள். டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

“அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு முதல்ல அதை நிறுத்துங்க. அதை நிறுத்தாம மருந்து கொடுத்தா ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.”

“போன பேச்சு வருமா டாக்டர்?”

“நிறுத்துங்க. பார்க்கலாம்” என்றார். பிறகு, “ரத்தம் வேற கம்மியா இருக்கு. இரும்புச்சத்து வேணும். கீரை நிறையக் குடுங்க.”

“தினமும் குடுக்கறேன் டாக்டர். வீட்டுக் கீரை.”

“ரொம்ப நல்லது” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வேளைக்கு ஒரு பச்சை வாய் கூடியது.

வீட்டில் எதையும் அவள் விடவில்லை. குழாய்த் தண்ணீர், குடத்துத் தண்ணீர், சுவரில் சுரண்டிய சுண்ணாம்பு, ஜன்னல் விளிம்புத் தூசி, குட்டி கடிக்கிற பொம்மையின் கால், சமையல் பாத்திரத்தில் கொதிக்கவைத்த நீர் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ஆசிட் அக்கா முன்னால் போய் நின்றாள். அக்கா பையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

“சாப்பிட்டியாடி?”

“சாப்பிட்டேன்.”

“பொய். சரி, மேசைமேல வை. வெளி வேலை எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம். மேனேஜர் கேட்டா நான் பேசிக்கறேன். அந்தப் பையில என்ன?”

“அது என் ரூமுக்கு. கீரை.”

“அதையும் எடு. சும்மா, கூட்டத்தோட கோவிந்தா.”

“கீரையவா? வேணும்னா போடுங்க” என்றாள். அப்போது அவள் சிரிக்கக்கூடச் செய்தாள். அது பின்னால் அவளுக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அக்கா கீரையை இரண்டு பங்காகப் பிரித்தாள். ஒன்றை உப்பும் உலோகமும் நீக்கிய நீரில் மும்முறை அலசினாள். இன்னொன்றை அப்படியே வைத்தாள். தூசியில் ஒட்டியிருந்தால் அலசினதில் இருக்காது, இலைக்குள்ளேயே ஏறியிருந்தால் இரண்டிலும் இருக்கும். உலர்த்தும் பெட்டியில் இலை சுருண்டு பொரிந்தது. உலோகம் ஒட்டாத அகேட் கல்லுரலில் அக்கா பொடித்தாள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. சந்தையில் முட்டைக்கோஸ் இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு சிரிப்பது கேட்டது. ஆசிட் ஊற்றியதும் பழுப்புப் புகை எழும்பிப் புகைபோக்கிக்குள் போயிற்று. வரிசையின் ஓரத்தில் பிளாங்க் நின்று எல்லோரோடும் சேர்ந்து கொதித்தது.

மிஷினில் ஈயத்தை அளக்கவென்று தனி விளக்கு. அதைப் பொருத்திச் சூடேறவிட்டு, முதலில் பிளாங்க் போனது. திரையில் கோடு படுத்தே கிடந்தது. அளவு தெரிந்த இலைப்பொடி போனது, புட்டியில் எழுதியிருந்ததையே சொன்னது. மிஷின் சரி, கை சுத்தம். தண்ணீர் போனது. இல்லை. பொம்மை இல்லை. சுண்ணாம்பு இல்லை. தூசியில் கொஞ்சம் தலை தூக்கியது, அக்கா நாக்கைச் சப்புக் கொட்டினாள். அலசாத கீரை போனது.

கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போய்த் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது.

“தூசியாத்தான் இருக்கும்” என்றாள் அக்கா.

அலசின கீரை போனது. அதுவும் எழுந்தது. கொஞ்சம்தான் குறைவு.

“தண்ணி கலந்து மறுபடி போடுங்க, அக்கா. கோடு மேல தொட்டுடுச்சுன்னா அளவு சரியா வராது” என்றாள் ஊதா. அவள் குரல் அவளுக்கே அடுத்த வீட்டு வானொலி மாதிரி கேட்டது.

அக்கா நீர்க்கவைத்து மறுபடி ஓட்டினாள். அளவைச் சொல்லாமல் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாரு. குழாய்ல ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும். நாளைக்குப் புதுசா பறிச்சுக்கிட்டு வா. எல்லாத்தையும் புதுசா எடுத்து, முதல்லேருந்து பண்ணலாம்.”

“பிளாங்க் சுத்தமா இருக்கே அக்கா.”

அக்கா மிஷினை அணைத்தாள். அன்று இரவு ஊதா வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. குட்டிக்கு வயிறு சரியில்லை என்று பாலை மட்டும் கொடுத்துப் படுக்கவைத்தாள். மறுநாள் புதுக் கீரை, புதுக் குழாய், புது ஆசிட். பதில் பழையதுதான்.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். கால்கள் தாமாகவே எதிர் அறைக்கு நடந்தன. மிச்சக் கீரையை அலசினாள், ஒற்றினாள், எடைபோட்டாள், அரைத்தாள். பழக்கம். ஊதாவில் விட்டு இருட்டுப் பெட்டியை மூடி முக்காலியில் உட்கார்ந்தாள். அக்கா வாசலில் வந்து நின்றாள்.

“இப்ப எதுக்குடி இது?”

“பார்க்கலாம்னு.”

திறந்தாள். பளிச்சென்ற மஞ்சள். இத்தனை நாள் பார்த்த அதே மஞ்சள்.

“அக்கா, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான் என்ன சொல்லுவேன்?”

“விடு.”

“மண்ணுல தொந்தரவு இருந்தா செடி தன்னைக் காப்பாத்திக்க உண்டாக்கும்னு சொல்லுவேன்ல? அதுக்கு என்ன தொந்தரவுன்னு நான் ஒருநாளும் கேக்கல அக்கா. இது மட்டும் ஏன் இப்படி வெளுக்குதுன்னு கேக்கல. வெளுக்க வெளுக்க சந்தோஷப்பட்டு, வெளுக்க வெளுக்க ஊட்டினேன்.”

“வேற காரணமாவும் இருக்கலாம்டி. இதால மட்டும்தான்னு யாரு சொன்னா?”

“இருக்கலாம்” என்றாள். அக்கா அவள் கையிலிருந்து குழாயை வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

அவள் வீட்டுக்குப் போனபோது மாமனார் கொல்லையில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். தூறல் விட்டிருந்தது. பாத்தி முழுக்கக் கீரை தளதளவென்று நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

“மாமா, கையைக் கழுவிட்டு வாங்க.”

“இரும்மா, இந்த ஓரம் மட்டும்.”

“இல்ல மாமா. இப்ப வாங்க. சோப்புப் போட்டுக் கழுவுங்க.”

அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. எழுந்து வந்து கழுவினார். அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல், அக்காவிடம் சாம்பிளைப் பற்றிப் பேசுகிற மாதிரியே சொன்னாள். அவர் துண்டால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு மாமா?”

“ஒண்ணுமில்லம்மா. வெறும் எடம்தான்.”

“மாமா.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “உன் புருஷன் சின்னப் பையனா இருந்தப்போ கடையில சம்பளம் பத்தல. செத்த பேட்டரிய வீட்டுக்கு எடுத்தாந்து ஒடைப்பேன். உள்ள இருக்கற தகட்டை சட்டியில போட்டு உருக்கி, கட்டியா ஊத்திக் குடுப்பேன். எல்லாரும் பண்ணினோம். அந்தப் பாத்தி இருக்குதே, அங்கதான் அடுப்பு. சாம்பலை அங்கயே குழி தோண்டிப் போட்டுடுவேன். கடைய விட்டப்புறம் மேல வண்டி வண்டியா நல்ல மண்ணு கொட்டினேன்மா. நல்ல மண்ணு. ஆத்து மண்ணு.”

“ஏன் சொல்லல?”

“யாரு கேட்டா? அது ஒரு விஷயம்னு எனக்குத் தோணலயே. குப்பையப் பொதைச்சா மண்ணாத்தானே போகும்?” அவர் பாத்தியைப் பார்த்தார். “நான் பூச்செடிதான் வெச்சிருந்தேன். நீதானம்மா கீரை போடச் சொன்ன.”

குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பூவைப் பிடுங்கிவிட்டுக் கீரை விதைத்த நாளில் அவளும்தான் பக்கத்தில் உட்கார்ந்து பாத்தி கட்டினாள்.

“நானும்தானேம்மா சாப்பிட்டேன்? எனக்கு ஒண்ணும் ஆகலயே?”

“சின்ன ஒடம்பு மாமா. நாம ஒரு பங்கு எடுத்துக்கிட்டா அது நாலு பங்கு இழுத்துக்கும்.”

“அப்ப இதை எனக்குக் குடுத்துட்டு அதை விட்டிருக்கலாம்” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

புருஷன் வேலையிலிருந்து வந்தான். வயர்ச் சுருள் தோளில் இருக்க வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். அப்பாவைப் பார்த்தான். இவன் கத்தப் போகிறான் என்று அவள் நினைத்தாள், கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

“அந்தச் சட்டியில நான் ஈயக் கப்பல் ஊத்தினது ஞாபகம் இருக்குப்பா” என்றான். “மணல்ல அச்சு பண்ணி. நீங்க ஊத்திக் குடுத்தீங்க. தண்ணியில விட்டா முழுகிடும்.”

“ஆமா. முழுகிடும்” என்றார் கிழவர்.

கொஞ்ச நேரத்தில் கிழவர் சடாரென்று எழுந்து பாத்திக்குப் போய்க் கீரையை வேரோடு பிடுங்கத் தொடங்கினார்.

“மாமா, வேணாம். வெறுங்கையால தொடாதீங்க. மண்ணைக் கிளறாதீங்க. தூசி வீட்டுக்குள்ளதான் வரும். கையுறை கொண்டாறேன், ஈரமா இருக்கறப்போவே மூட்டை கட்டணும். மேலயும் மூடணும். கேளுங்க மாமா.”

கை நிறையக் கீரையோடு அவர் அப்படியே நின்றார். போடவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. பிறகு அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் அவள்தான் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அவர் குழந்தை மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரை வெறுக்க முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. தன்னையும் முடியவில்லை. உள்ளே எதுவுமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

விளக்குப் போட்டதும் குட்டி தானாகவே போய்த் தன் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தது. ஊதா சோறு பிசைந்தாள், அவித்த முட்டையை உதிர்த்துப்போட்டாள். கரண்டியை நீட்டினாள்.

குட்டி வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டியது.

“பச்ச” என்றது.

போன வார்த்தைகளுக்கெல்லாம் நடுவில் இது மட்டும் போகாமல் இருந்தது.

“இன்னிக்குப் பச்சை இல்லடா கண்ணு. முட்டை பாரு, முட்டை.”

“பச்ச.”

“வெள்ளை வாய் முதல்ல வாங்கிக்கோ.”

குட்டி மாட்டேன் என்று தலையை ஆட்டியது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. பச்சை வாய்க்கு அப்புறம்தான் வெள்ளை வாய் என்று அதற்கு அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள்.

“பசிக்குதுல்ல அதுக்கு. ஏதாவது செய்யேன்” என்றான் புருஷன். கிழவர் கதவோரம் நின்றிருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஊதா எழுந்து, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பச்சைக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். வெறும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கரண்டியை அதற்குள் விட்டு, அடியைச் சுரண்டி, விளிம்பில் வழித்து, சிந்தாமல் தூக்குகிற மாதிரி தூக்கினாள்.

“ஆ.”

குட்டி வாயைத் திறந்தது. வெறும் கரண்டியின்மேல் உதட்டை மூடி வாங்கிக்கொண்டது. கவனமாக மென்றது. விழுங்கியது.

“நல்லாருக்கா?”

குட்டி தலையை ஆட்டிவிட்டு வெள்ளை வாய்க்குத் திறந்தது. அவள் சோற்றை ஊட்டினாள். பிறகு மறுபடி காலிக் கிண்ணத்தில் கரண்டியை விட்டாள்.